வெய், ஜுன், மிங்: சீன ஆண் பெயர்களைப் பொருளறிந்து படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என்னோடு வேலை பார்த்த ஒருவர் பெயர் ஜுன். பழக ஆரம்பித்த புதிதில் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, “உங்கள் பெயருக்கு ராணுவம் என்று பொருளாமே?” என்று கேட்டுவைத்தேன். மனிதர் சிரித்தார். இடது உள்ளங்கையை விரித்து, வலது ஆள்காட்டி விரலால் அதில் விறுவிறுவென்று கோடுகள் இழுத்தார். “அது எங்கள் பெரியப்பாக்கள் காலத்துப் பெயர். நான் குதிரை போட்ட ஜுன். நல்ல ஜாதிக் குதிரை” என்றார்.

உள்ளங்கையில் எழுதிக் காட்டினாரே, அதுதான் பெயர். நான் காதில் வாங்கியிருந்தது அதன் ஓசை மட்டும். சீனப் பெயர்களைப் பற்றி இணையத்தில் கிடக்கும் பட்டியல்களில் பாதி இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. ‘ஜுன் என்றால் ராணுவம், மிங் என்றால் ஒளி’ என்று ஓசைக்குப் பொருள் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். செய்தியில், சீனத் தொடர்களில், சிங்கப்பூர் அலுவலகத்தில் பார்க்கும் பெயரைப் புரிந்துகொள்ளவும், கதையில் வரும் பாத்திரத்துக்குப் பொருத்தமாகப் பெயர் வைக்கவும் இதை எழுதுகிறேன். ஆண் பெயர்கள் மட்டும். பெண் பெயர்கள் தனி உலகம்.

படி 1: பெயரை எங்கே வெட்டுவது?

குடும்பப் பெயர் முன்னால், இட்ட பெயர் பின்னால். நம் இனிஷியல் இருக்கும் இடத்தில் அவர்கள் குடும்பப் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டால் போதும். கூடைப்பந்து வீரர் யாவ் மிங்குக்கு யாவ் குடும்பப் பெயர், மிங் அவருக்கு வைத்த பெயர். இட்ட பெயர் ஓர் எழுத்தாகவோ இரண்டு எழுத்தாகவோ இருக்கும். ஓர் எழுத்துக்கு ஓர் அசை. சீமா, ஓயாங், சூகே போன்ற இரண்டெழுத்துக் குடும்பப் பெயர்கள் உண்டு, ஆனால் அபூர்வம்.

நம் பத்திரிகைகள் ஷி ஜின்பிங்கை வெறும் ‘ஜின்பிங்’ என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். சீனக் காதுக்கு அது வீட்டுப் பெரியவர்களோ நெருங்கியவர்களோ கூப்பிடுவது போல இருக்கும். சுருக்குவதானால் ‘ஷி’ என்றுதான் சுருக்க வேண்டும்.

படி 2: எந்த எழுத்து என்று கேளுங்கள்

மாண்டரின் சீனத்தில் தொனியைக் கணக்கில் எடுக்காவிட்டால் இருப்பவை சுமார் 400 அசைகள்தான். எழுத்துகளோ பல ஆயிரம். அதனால் ஒரே ஓசைக்குப் பின்னால் ஒரு கூட்டமே நிற்கும். இதற்காகவே சீனர்கள் பெயர் சொல்லும்போது எழுத்தையும் பிரித்துச் சொல்வார்கள். சாங் என்ற குடும்பப் பெயர்க்காரர் ‘வில்–நீளம் சாங்’ என்பார், ஏனென்றால் அவர் எழுத்தில் இடப்பக்கம் வில், வலப்பக்கம் நீளம். அதே ஓசையுள்ள இன்னொரு சாங் ‘நில்–விடியல் சாங்’. லீ என்றால் ‘மரம்–பிள்ளை லீ’. சென் என்றால் ‘காது–கிழக்கு சென்’. தொலைபேசியில் பெயர் பதியும் இடங்களில் இந்த விடுகதை மொழி தினமும் ஓடும்.

உங்கள் சீன நண்பரிடம் “உங்கள் பெயருக்கு என்ன பொருள்?” என்று கேட்பதைவிட “எந்த எழுத்து?” என்று கேளுங்கள். முகம் மலரும். பொருளும் தானாக வரும்.

படி 3: தொனியைக் காதில் வாங்குங்கள்

மாண்டரினில் நான்கு தொனிகள். முதலாவது, சுருதி பிடித்தது போல உயரத்தில் நேராக நிற்கும். இரண்டாவது, “என்ன?” என்று கேட்பது போல ஏறும். மூன்றாவது, அடியில் இறங்கிப் புரளும். நான்காவது, “போ!” என்று வெட்டுவது போல விழும்.

வெய் என்ற ஒரே அசையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தொனியில் வல்லமை. இரண்டாவதில் கட்டிக் காப்பது, நூல் இழை போட்ட எழுத்து. மூன்றாவதில் மாபெரும். நான்காவதில் காவல். நான்குமே ஆண் பெயர்களில் புழங்குபவை. தமிழில் எழுதும்போது எல்லாமே ‘வெய்’ ஆகிவிடுகிறது.

தொனி மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் ஒட்டுமொத்தத் தங்கம் வென்றவர் யாங் வெய். அவருடைய வெய் முதல் தொனி. குடும்பப் பெயரோடு சேர்த்துச் சொன்னால் ‘வீரத்தைக் காட்டு’ என்ற சொல்லின் ஓசை கிடைக்கும். அந்த வெய்யை மூன்றாம் தொனிக்கு இறக்கினால், அதாவது ‘மாபெரும்’ என்ற வெய்யை வைத்தால், அச்சு அசலாக ‘ஆண்மைக்குறைவு’ என்ற மருத்துவச் சொல்லின் ஓசை. ஒரு தொனிதான் நடுவில்.

படி 4: எழுத்து எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது?

ஆண் பெயர் எழுத்துகள் பெரும்பாலும் சில கூட்டங்களுக்குள் அடங்கும். முதலில் வலிமைக் கூட்டம்: சியாங் (பலம்), காங் (உறுதி), யோங் (துணிவு), ஜுன் (ராணுவம்). கேட்டதும் ஐம்பது, அறுபது வயது மனிதர் கண்முன் வருவார். இன்றைய இளம் பெற்றோர் இவற்றை அவ்வளவாகத் தொடுவதில்லை.

அறக் கூட்டம் கன்பூசியஸ் வழி வருவது: ரென் (மனிதநேயம்), தெ (நற்பண்பு), ஷின் (சொல் தவறாமை), சியென் (அடக்கம்). இவை பழையவையாகத் தெரிந்தாலும் நாள்பட்டுப் போவதில்லை.

எனக்குப் பிடித்தது இயற்கைக் கூட்டம். ஃபெங் மலைமுகடு. தாவ் பேரலை. சோங் பைன் மரம், குளிரிலும் இலை உதிர்க்காததால் நெஞ்சுரத்துக்கு அடையாளம். லெய் என்ற எழுத்தில் மூன்று கற்களை அடுக்கி வைத்திருப்பார்கள். ஒளிவு மறைவில்லாத மனம் என்ற பொருள் சேர்ந்துவிட்டது. பெங் என்பது ஒரு புராணப் பறவை. வடகடலில் கூன் என்ற மாபெரும் மீன் இருந்ததாம். அது உருமாறி, வானத்தையே மறைக்கும் சிறகுகளோடு பெங்காகப் பறந்ததாம். மகனுக்குப் பெங் என்று பெயர் வைக்கும் அப்பா ‘பறவை’ என்று வைக்கவில்லை. ‘நீ இருக்கும் இடத்திலேயே இருந்துவிடாதே’ என்று வைக்கிறார்.

ஒளிக் கூட்டத்தில் மிங் முதன்மையானது. அதன் எழுத்தில் சூரியனும் சந்திரனும் பக்கத்தில் பக்கத்தில். லியாங் (பிரகாசம்), ஹுய் (சுடர்), சென் (காலை) ஆகியவையும் இங்கேதான்.

அப்புறம் டிராகன், அதாவது லோங். ‘மகன் டிராகன் ஆக வேண்டும்’ என்பது சீனப் பெற்றோரின் ஆசையைச் சொல்லும் மரபுத்தொடர். ஜாக்கி சானின் வாழ்க்கையே இந்த ஆசைக்கு எடுத்துக்காட்டு. 1954இல் பிறந்தபோது வைத்த பெயர் காங்-சாங். ‘ஹாங்காங்கில் பிறந்தவன்’, அவ்வளவுதான். பின்னாளில் எடுத்துக்கொண்ட திரைப்பெயரின் பொருள் ‘டிராகன் ஆனவன்’. புரூஸ் லீயின் சீனத் திரைப்பெயர் சியாவ்லோங், ‘குட்டி டிராகன்’. அவர் பிறந்த 1940 டிராகன் ஆண்டு. சிங்கப்பூரின் முன்னாள் பிரதமர் லீ சியன் லூங்கின் ‘லூங்’கும் இதே டிராகன்தான். அவர் பிறந்த 1952உம் டிராகன் ஆண்டே.

படி 5: அகராதியோடு நிறுத்திவிடாதீர்கள்

அகராதி கைவிடும் இடங்களும் உண்டு. 11ஆம் நூற்றாண்டில் சூ ஷூன் என்ற அறிஞர் தன் மகன்களுக்கு ஷி, ஜெ என்று பெயர் வைத்தார். ஷி என்றால் தேரின் முன்பக்கம் கைபிடிக்கும் குறுக்குக் கட்டை. ஜெ என்றால் சக்கரம் மண்ணில் பதிக்கும் தடம். இதென்ன பெயர் என்றுதான் தோன்றும். அப்பா காரணத்தை ஒரு சிறு கட்டுரையாகவே எழுதி வைத்திருக்கிறார்.

தேரில் சக்கரம், ஆரம், கூரை என்று எல்லாவற்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. குறுக்குக் கட்டை மட்டும் சும்மா இருப்பதுபோலத் தெரிகிறது. ஆனால் அதை எடுத்துவிட்டால் தேர் முழுமையாக இராது. ‘ஷி, நீ வெளிப்பூச்சு இல்லாமல் இருந்துவிடுவாயோ என்று எனக்குப் பயம்’ என்கிறார். எல்லாத் தேர்களும் தடத்தில்தான் ஓடுகின்றன, ஆனால் தேரின் பெருமையைப் பேசும்போது யாரும் தடத்தைச் சேர்ப்பதில்லை. தேர் கவிழ்ந்து குதிரை செத்தாலும் தடத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. ‘ஜெ, நீ தப்பித்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும்.’

மூத்தவர் சூ ஷி சீனத்தின் மாபெரும் கவிஞர்களில் ஒருவரானார். மனதில் பட்டதைச் சொல்லிச் சிறைப்பட்டார், ஹுவாங்சோவுக்கு, ஹுய்சோவுக்கு, கடைசியில் ஹைனான் தீவுக்கு என்று நாடுகடத்தப்பட்டார், 1101இல் இறந்தார். இளையவர் சூ ஜெயும் அரசியல் அடிகள் வாங்கினார்தான். ஆனால் ஒதுங்கி வாழ்ந்து 1112 வரை இருந்தார். பிள்ளைகளின் சுபாவத்தை அப்பா எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்! ‘தடம்’ என்று அகராதி சொல்லும் பொருளை வைத்துக்கொண்டு இதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

பழைய ஆட்களைப் படிக்கும்போது இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வயதுக்கு வந்த ஆணுக்கு 20 வயதில் இன்னொரு மரியாதைப் பெயர் சூட்டுவார்கள். அது முதல் பெயருக்கு உரை எழுதியது போல இருக்கும். பழங்காலத்துப் போர்த்தந்திரி சூகே லியாங்கின் லியாங் ‘பிரகாசம்’. மரியாதைப் பெயர் கோங்மிங், ‘பேரொளி’. கன்பூசியஸின் மகன் பிறந்தபோது லூ நாட்டு அரசர் கெண்டை மீன் அனுப்பினாராம், அதனால் பெயர் லீ, கெண்டை. மரியாதைப் பெயர் போயு, ‘மூத்தவன்–மீன்’. அந்த வழக்கம் இன்று இல்லை.

படி 6: அண்ணன் தம்பிகள் பெயரைப் பக்கத்தில் வையுங்கள்

இரண்டெழுத்துப் பெயரில் ஒன்று அவனுடையது. மற்றொன்று அவன் தலைமுறைக்கே பொதுவாக இருக்கலாம். பல குலங்களில் இதற்கென்று ஒரு கவிதை உண்டு. தலைமுறைக்கு ஓர் எழுத்தாக அந்தக் கவிதை கீழே இறங்கும்.

மாவோ குடும்பத்துக் கவிதையில் ஒரு வரி ஐந்து எழுத்து: சூ, என், யி, சே, யுவான். ‘முன்னோர் அருள் தொலைவுக்கும் நன்மை தரும்’ என்பது போலப் பொருள். இப்போது ஆட்களைப் பாருங்கள். கொள்ளுத்தாத்தா சூரென். தாத்தா என்பூ. அப்பா யிசாங். மகன் சேதுங், தம்பிகள் சேமின், சேதான். அடுத்த தலைமுறையில் சேமினின் மகன் யுவான்ஷின். நூறாண்டுக்கு மேல் ஒரு குடும்பம் ஒரே வரியைப் படித்துக்கொண்டே வந்திருக்கிறது. மாவோவின் சொந்தப் பிள்ளைகள் ஆன்யிங், ஆன்சிங் ஆகியோருக்கு வேறொரு பொது எழுத்து அமைந்தது. கன்பூசியஸ் வம்சத்தில் இந்த வரிசை இன்னும் நீளம். 79ஆம் தலைமுறைத் தலைவர் இன்று தைவானில் இருக்கிறார்.

பொது எழுத்து முன்னால்தான் வர வேண்டும் என்றில்லை. லீ குவான் இயூவின் பெயர் ‘ஒளியும் சுடரும்’. முன்னோருக்குப் பெருமை சேர்ப்பது என்ற மரபுத்தொடரின் எதிரொலியும் அதில் கேட்கும். தம்பிகள் கிம் இயூ, தியாம் இயூ, சுவான் இயூ. பொது எழுத்து கடைசியில். அவர் மகன்கள் சியன் லூங், சியன் யாங், இங்கே முதலில். ஷி ஜின்பிங்கின் ஜின் ‘அருகே’. தம்பி யுவான்பிங்கின் யுவான் ‘தொலைவே’. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அழகு தெரிகிறது.

நாம் குழம்பக்கூடிய இடம் ஒன்று. தமிழில் தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் அவன் பெயரன், பேரன். சீனத்தில் இதற்கு நேர் எதிர். தாத்தா, அப்பா பெயரில் உள்ள எழுத்தைப் பிள்ளைக்கு வைத்தால் மரியாதைக் குறைவு. புரூஸ் லீக்கு இட்ட பெயரின் முதல் எழுத்து தாத்தாவின் பெயரிலும் இருந்ததால், அதே ஓசையுள்ள வேறெழுத்துக்கு மாற்றினார்கள். அரசர் பெயர் என்றால் நாடே ஒதுங்க வேண்டும். காங்ஷி பேரரசரின் சொந்தப் பெயர் ஷுவான்யே. அந்த ‘ஷுவான்’ இருந்ததால் பெய்ஜிங் அரண்மனையின் வடக்கு வாயிலான ஷுவான்வு வாயில், ஷென்வு வாயிலாகப் பெயர் மாறியது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

படி 7: எந்த ஆண்டுப் பிறப்பு என்று கணியுங்கள்

சீனாவில் ஆணின் பெயரைக் கேட்டே வயதை ஓரளவு சொல்லிவிடலாம். ஜியான்குவோ, ‘நாட்டைக் கட்டு’ என்றால் மக்கள் சீனம் உருவான 1949க்குப் பின் பிறந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். யுவான்சாவ், ‘கொரியாவுக்கு உதவு’ என்றால் கொரியப் போர் நடந்த 1950–53. யுவெஜின், ‘பாய்ச்சல்’ என்றால் 1958இன் மாபெரும் பாய்ச்சல் திட்டத்தை ஒட்டி. வெய்தோங், ‘கிழக்கைக் காப்பவன்’ கலாசாரப் புரட்சிக் காலத்து வாசம் வீசும் பெயர். அந்தக் கிழக்கு மாவோ சேதுங்கின் கடைசி எழுத்து.

எண்பதுகளில் காற்று மாறியது. கோஷங்கள் போய் ஓரெழுத்துப் பெயர்கள் வந்தன: தாவ், லெய், பெங், சாவ், வெய். விளைவு, ஒரே பெயரில் ஆயிரம் பேர். சாங் வெய் என்று மட்டும் நாட்டில் 3 லட்சத்தை ஒட்டி ஆட்கள் இருக்கிறார்கள். இதற்குப் பயந்து அடுத்த தலைமுறைப் பெற்றோர் மறுபடி இரண்டெழுத்துக்கு வந்தார்கள். ஹாவ்ரான் (பரந்து விரிந்த மனவீரம்), யுஷுவான், அண்மைக் காலத்தில் முசென், யிசென், ஹாவ்யு. பழங்கவிதை வாசமும் பிரபஞ்சம், விண்மீன் சாயலும் கலந்தவை. என் காதுக்கு இவை அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் ஒரு பள்ளி வகுப்பில் நாலு ‘சென்’ இருந்தால் ஆசிரியர் பாடு திண்டாட்டம். தனித்துவம் தேடிப் போனவர்கள் எல்லாரும் ஒரே கடையில் கூடிவிட்டார்கள்.

படி 8: ஜாதகத்தையும் கண்ணேறையும் மறக்க வேண்டாம்

பிறந்த நேரத்தைக் கணித்து, உலோகம், மரம், நீர், நெருப்பு, மண் என்ற ஐந்தில் எது குறைகிறது என்று பார்த்துப் பெயரில் நிரப்புவது இன்றும் உண்டு. உலோகம் குறைந்தால் மூன்று ‘பொன்’ அடுக்கிய ஷின். மரம் குறைந்தால் மூன்று மரம் அடுக்கிய சென். இப்படி நீருக்கும் நெருப்புக்கும் மண்ணுக்கும் மூன்றடுக்கு எழுத்துகள் உண்டு. நட்சத்திர எழுத்துப் பார்த்துப் பெயர் வைக்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வீட்டில் கூப்பிடும் பால்ய பெயர் வேறு. கிராமங்களில் கோஷெங் (நாய் தின்று மிச்சம் வைத்தது), தியேதான் (இரும்பு முட்டை) என்றெல்லாம் கூப்பிடுவார்கள். பெயர் கேவலமாக இருந்தால் கெட்டது எதுவும் பிள்ளையைத் தேடி வராது. குப்புசாமி, பிச்சைமுத்து என்று வைத்த நம் பாட்டிகளின் கணக்குதான் இது.

ரொம்ப உயரமாகவும் வைக்கக் கூடாது. மாவோவுக்குப் பின் சீனாவை வழிநடத்திய டெங் சியாவ்பிங்குக்குச் சிறுவயதில் வைத்த பெயர் ஷியன்ஷெங், ‘முன்னைய ஞானி’. கன்பூசியஸுக்கே போட்டியா என்று ஆசிரியர் ஷிஷியன், ‘நல்லோரை நாடுபவன்’ என்று மாற்றினார். 1927இல் தலைமறைவு வாழ்க்கைக்காக எடுத்துக்கொண்டது சியாவ்பிங்: ‘சின்ன’, ‘சமம்’. இவ்வளவு எளிய பெயர் வேறில்லை.

படி 9: குடும்பப் பெயரோடு சேர்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள்

ஓசை ஒற்றுமை ஆபத்தானது. சியாவ்பிங் என்றால் ‘சின்னப் பாட்டில்’ என்றும் கேட்கும். மாவோ இறந்த பிறகு டெங் மீண்டும் வர வேண்டும் என்று விரும்பியவர்கள் பெய்ஜிங்கில் சின்னப் பாட்டில்களைத் தொங்கவிட்டார்கள். 1989இல், தியானன்மென் நிகழ்வுகளை ஒட்டி, அவர்மேல் கோபம் கொண்டவர்கள் அதே பாட்டில்களைப் போட்டு உடைத்தார்கள்.

வு என்ற குடும்பப் பெயர்க்காரர்கள் பாவம். ‘இல்லாத’ என்ற சொல்லுக்கும் அதே ஓசை. மகனுக்குத் ‘தெ’, நற்பண்பு என்று வைத்தால் ‘நற்பண்பு இல்லாதவன்’ ஆகிவிடும். அதனால் ‘யோ’, கவலை என்று வைத்து ‘கவலை இல்லாதவன்’ ஆக்குபவர்களும் உண்டு. தூ குடும்பத்தில் ட்ஸுதெங் என்று வைத்தால் கிட்டத்தட்ட ‘வயிற்று வலி’.

அபூர்வமான எழுத்தும் தொல்லை. சீனாவின் முன்னாள் பிரதமர் சு ரோங்ஜியின் ‘ரோங்’, 1980இல் 6763 எழுத்துகளோடு வந்த கணினித் தரத்தில் இல்லை. பிரதமர் பெயரையே ஒட்டுப்போட்டு எழுத வேண்டியிருந்தது.

படி 10: எந்த ஊர் உச்சரிப்பு?

சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். சென் என்ற குடும்பப் பெயர், தென்சீன மொழிகளான ஹொக்கியனில் டான், கான்டனீசில் சான். லின், லிம், லாம் மூன்றும் ஒன்றே. மிங் ஹொக்கியனில் பெங். சிங்கப்பூரில் முரட்டு இளைஞர்களைக் கேலியாகச் சொல்லும் ‘ஆ பெங்’கும் அந்தச் சூரிய–சந்திர எழுத்துதான். எனவே ஒலியை வைத்து மாண்டரின் அகராதியைப் புரட்டாதீர்கள்.

இனி ஒரு குடும்பத்துக்குப் பெயர் வைத்துப் பார்ப்போம். குடும்பப் பெயர் சென். தாத்தா 1951இல் பிறந்தவர், ஜியான்குவோ. கேட்டதும் ஆள் தெரிகிறது. அப்பா 1983, சென் தாவ், ஓரெழுத்து, பேரலை. பேரன் 2019. யிசென் வைக்கலாமா? சென் யிசென் என்று இரண்டு பக்கமும் சென் இடிக்கிறது, வேண்டாம். ஹாவ்யு? ஹாவ் ‘பரந்த’, எழுத்தில் நீர் இருக்கிறது. ஜாதகத்தில் நீர் குறைந்த பிள்ளைக்குப் பாட்டியும் ஒத்துக்கொள்வாள், அலை என்ற அப்பா பெயருக்கும் உறவு. யு ‘பிரபஞ்சம்’, ஆதியில் வீட்டுக் கூரையின் விளிம்பைக் குறித்தது. சென் ஏறுகிறது, ஹாவ் விழுகிறது, யு அடியில் புரள்கிறது. மூன்றும் மூன்று தொனி. சரி, இதையே வைத்துவிடலாம். பள்ளியில் சேர்க்கும் அன்று எந்த ஹாவ், எந்த யு என்று கேட்டால் பையன் சொல்லட்டும்: “நீர் போட்ட ஹாவ், கூரை போட்ட யு.”